பஞ்சு அடைச்சா ஒலி 30 சதவீதம் மெதுவாப் போகுமா?

மாம்பலம்_மோனோ:
'ஒரே ப்ளைவுட் ஷீட்டில் ஜோடி டவர் ஸ்பீக்கர்' என்று பாண்டி போட்ட பதிவைப் படித்தேன். ஆறரை இன்ச் டிரைவர் (ஒலி எழுப்பும் கோன்), 1.5 மீட்டர் டிரான்ஸ்மிஷன் லைன் (டிரைவருக்குப் பின்னால் பெட்டிக்குள் மடித்துப் போகும், ஒரு முனை திறந்த நீளக் குழாய்), 40 ஹெர்ட்ஸ் பாஸ். எப்படி என்று கேட்டால் "உள்ளே இருக்கிற பஞ்சு ஒலியோட வேகத்தை 30% குறைச்சிடும்" என்று ஒரே வரி. அதை நம்பி ஆட்கள் ஷீட் வாங்கக் கிளம்பிவிட்டார்கள்.

ஒலி நொடிக்கு 344 மீட்டர் போகிறது என்றால் 40 ஹெர்ட்ஸின் அலைநீளம் 8.6 மீட்டர். அதில் கால் பங்கு 2.15 மீட்டர்; அவ்வளவு நீளக் குழாய்தான் 40க்கு ஒத்து அதிரும். 1.5 மீட்டரில் அதே 40 வர வேண்டுமானால் ஒலி நொடிக்கு 240 மீட்டரில் ஊர்ந்து போக வேண்டும். நடக்காது. காற்று அமுங்கும்போது வரும் சூட்டை நார் வாங்கிக்கொள்வதால்தான் முக்கியமாக வேகம் குறைகிறது. சூடு முழுவதையும் வாங்கிக்கொண்டால்கூட காற்றின் வெப்ப விகிதமான 1.4இன் வர்க்கமூலத்தால் வேகத்தை வகுத்தது, அதாவது 15%. சூட்டால் குறைவதற்கு அதுதான் உச்சவரம்பு. லிட்டருக்கு 8 கிராம் அடைத்தால் அதையே எட்டாது.

பாஸ்_பாண்டி:
வந்துட்டாருய்யா வாத்தியார், சாக்பீஸோட. 1965லயே பெய்லி 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகைல கம்பளி அடைச்ச லைன் பத்தி எழுதிட்டாரு. அவரை விட நீங்க பெரிய ஆளா?
நம்ம பாக்ஸோட இம்பீடன்ஸ் ஸ்வீப் (ஒவ்வொரு அதிர்வெண்லயும் ஸ்பீக்கரோட மின்தடை வரைபடம்) போட்டிருக்கேன், பாத்தீங்களா இல்லியா? ரெண்டு மலைக்கு நடுவுல பள்ளம், அதாவது லைன் ஒத்து அதிர்ற இடம், 43 ஹெர்ட்ஸ்ல இருக்கு. 1.5 மீட்டர் வெறும் பைப்னா 57 வரணும். 57 எங்க, 43 எங்க? பஞ்சு பண்ணாம பின்ன யாரு பண்ணது, பேயா?

மாம்பலம்_மோனோ:
இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தேன். உங்கள் படத்தை நீங்களே பாருங்கள். உள் அகலம் 18 செ.மீ. மூடிய முனையில் ஆழம் 14, வாய்ப்பக்கம் 3.5. அதாவது 252 சதுர செ.மீ.யில் தொடங்கி 63இல் முடிகிறது. நாலுக்கு ஒன்று குறுகல். மூடிய பக்கம் பெருத்து வாய் சிறுத்த லைனின் அதிர்வெண் தானாகவே இறங்கும். 4:1 குறுகலுக்குத் தேவையான நீளம் ஏறக்குறைய கால் பங்கு குறையும். 57இல் கால் பங்கு போனால் 43. பஞ்சு எங்கே வந்தது இதில்?

வேண்டியது 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, லேப்டாப், ஆர்.இ.டபிள்யூ. என்ற இலவச அளவீட்டு மென்பொருள். பஞ்சை வெளியே எடுத்துவிட்டு ஒரு தடவை அளங்கள். காலிப் பெட்டியிலும் பள்ளம் 43, 44இல் நிற்கும். பஞ்சு போட்ட பிறகு மலைகள் மழுங்கும், பள்ளம் ஓடிப் போகாது.

பாஸ்_பாண்டி:
பஞ்சை எதுக்கு எடுக்கணும்? பக்கப் பலகைய ஃபெவிகால் போட்டு மூடியாச்சு.

ராயபுரம்_ரம்பம்:
ஒட்டியே மூடிட்டீங்களா பாஸ்? ரெண்டு பெட்டியிலும் ஒரு பக்கப் பலகைய மட்டும் ஸ்க்ரூவுல விடணும். 3 மி.மீ. ஃபோம் டேப் ஒட்டி, 15 செ.மீ.க்கு ஒரு ஸ்க்ரூ. பஞ்சு கூட்டிக் குறைக்காம இந்த மாதிரி பெட்டி எதுவும் ஒரே தடவைல சரியா வராது. நடுத்தடுப்புல ஊசி முனை சந்து இருந்தாலும் முன் பாதி காத்து குறுக்கு வழில பின் பாதிக்குப் போயிடும், பாஸ் செத்துடும். தடுப்பு ஓரம் பூரா மரத்தூள் கலந்த ஃபெவிகால் இழைச்சு, காஞ்ச பிறகுதான் மூடணும். உள்ள டார்ச் வச்சு வெளிய வெளிச்சம் கசியுதான்னு பாக்கணும்.

அப்புறம் எம்.டி.எஃப். (மரத்தூள் அழுத்தின பலகை) எவனும் வாங்காதீங்க. ரெண்டு மழைக்காலம் பாத்தா அடி விளிம்பு உப்பிடும். ஐ.எஸ். 710 மரைன் ப்ளை, 18 மி.மீ.

சீல்டு_சித்தப்பா:
இவ்வளவு இழைச்சு, இவ்வளவு அடைச்சு, வர்றது என்னவோ ஒரு 43. மூடின பெட்டி பண்ணுங்கப்பா, பன்னெண்டு லிட்டர்ல வேலை முடிஞ்சது. அது போகட்டும் மோனோ, 344ன்னு எந்த ஊர்க் கணக்கு? நம்ம ஊர் 32 டிகிரில ஒலி 350 மீட்டர். கால் பங்கு 2.15 இல்ல, 2.19.

மாம்பலம்_மோனோ:
சித்தப்பா, ஏசி போட்ட அறையில் 24 டிகிரி. 346. நான்கு செ.மீ. வித்தியாசத்துக்கு நீங்கள் எழுந்து வந்ததே பெரிய விஷயம். போன மாதம் கெப்பாசிட்டர் விவாதத்தில் பாதியில் காணாமல் போனீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

சீல்டு_சித்தப்பா:
நான் காணாம போகல, தூங்கப் போனேன். ட்வீட்டருக்கு 3.3 மைக்ரோஃபாரட் பைபோலார் எலக்ட்ரோலிடிக் வேண்டாம், ஃபிலிம் போடுன்னுதான் சொன்னேன். இன்னிக்கும் அதையேதான் சொல்றேன்.

பாஸ்_பாண்டி:
ரெண்டு பேரும் கெப்பாசிட்டர் சண்டைய வேற எங்கயாச்சும் வச்சுக்குங்க. பெய்லிக்குப் பதில் வரல. கம்பளி வேகத்தக் குறைக்கும்னு அவர் சொன்னாரா இல்லியா? நான் ஒரு பாக்ஸுக்கு 400 கிராம் ரெக்ரான் (பாலியஸ்டர் பஞ்சு) அடைச்சிருக்கேன். அவ்வளவு அடைச்சா குறையாம என்ன செய்யும்?

மாம்பலம்_மோனோ:
400 கிராமா! இப்போதுதான் கதை வெளியே வருகிறது. உங்கள் லைனின் மொத்தக் கொள்ளளவே 23, 24 லிட்டர். மூடிய முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்குதான் அடைக்க வேண்டும், அது 19 லிட்டர். லிட்டருக்கு 8 கிராம் என்றால் 150 கிராம். நீங்கள் அடைத்தது 21 கிராம் கணக்கு. மேல் அதிர்வுகளோடு பாஸையும் சேர்த்துத் தின்றுவிடும். மலை இரண்டும் மேடாகிவிட்டதே உங்கள் வரைபடத்தில், அதன் காரணம் இதுதான்.

பெய்லி எழுதியதை யாரும் மறுக்கவில்லை. அதற்குப் பின் 2000இல் ஆக்ஸ்பர்கர் ஏ.இ.எஸ். (ஒலிப் பொறியியல் சங்கம்) இதழில் குறுகல், டிரைவர் இடம், நிரப்பும் பொருள் எல்லாவற்றையும் அளந்தே எழுதிவிட்டார். நீங்கள் இன்னும் 1965இல் நிற்கிறீர்கள். 30% என்ற எண் எங்கிருந்து வந்தது? அதை மட்டும் சொல்லுங்கள்.

ராயபுரம்_ரம்பம்:
ரெக்ரான் எதுக்கு, இலவம்பஞ்சு போடலாமே. மலிவு.

பாஸ்_பாண்டி:
இலவம்பஞ்சா? ஆறு மாசத்துல கட்டி தட்டிடும், கீழ இறங்கிடும், பூச்சி வேற.

ராயபுரம்_ரம்பம்:
ரெக்ரானும்தான் இறங்கும். கொசுவலைல பை தச்சு, பலகைல ஸ்டேபிள் அடிச்சுத் தொங்கவிடுங்க. எதுவும் இறங்காது. ரம்பம் பிடிக்கத் தெரியாதவன்லாம் பஞ்சு பத்திப் பேச வந்துட்டான்.

பாஸ்_பாண்டி:
யாருக்கு ரம்பம் பிடிக்கத் தெரியாது? சைடன்ஹாம்ஸ் ரோட்டுக் கடையிலயே அளவு கொடுத்தா மெஷின்ல வெட்டித் தர்றாங்க. இதுல வித்தை என்ன?

ராயபுரம்_ரம்பம்:
பிளேடு தின்ற 3 மி.மீ.ய வெட்டுக்கு வெட்டு கணக்குல சேத்தீங்களா?

மாம்பலம்_மோனோ:
ஷீட் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் மொத்தப் பித்தலாட்டமும் அதற்காகத்தான். குறுகல் இல்லாத 2.15 மீட்டரை ஒரு மடிப்பு மடித்தால் பெட்டி 115 செ.மீ. உயரம். ஜோடிக்கு 3 சதுர மீட்டரைத் தொடும். எட்டுக்கு நான்கு ஷீட் 2.98. வெட்டும் சேதாரத்தோடு ஒன்றில் அடங்காது. 90 செ.மீ. பெட்டி என்றால் அடங்கும். ஆகவே ஒரு ஷீட்டில் முடிக்க குறுகல் போட்டீர்கள், அது சரியான வேலை. பாராட்டை மட்டும் பஞ்சுக்குக் கொடுத்துவிட்டீர்கள்.

அதற்கும் விலை உண்டு. வாய் 63 சதுர செ.மீ., உங்கள் டிரைவரின் கோன் 130 சொச்சம். பாதிதான். சத்தம் கூட்டினால் வாயில் காற்று புஸ் என்று சீறும். டிரைவரை மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், 50 செ.மீ.யில் வைத்தது சரி, லைனின் அடுத்த அதிர்வு பெருமளவு அடங்கும். ஆனால் அங்கே ஆழம் பத்தரை செ.மீ. 8 செ.மீ. ஆழ டிரைவருக்குப் பின்னால் மிஞ்சுவது இரண்டரை. மேக்னட் துளை மூச்சு விடுமா, அதையும் 400 கிராம் ரெக்ரான் அடைத்துவிட்டதா?

பாஸ்_பாண்டி:
சீறுதுன்னு யார் சொன்னா? வந்து கேட்டீங்களா? எல்லாம் எக்ஸெல் ஷீட்ல ஸ்பீக்கர் கட்டறவங்க. 43 அளந்து காட்டியாச்சு. 43ஐ 57ஆ மாத்திக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம்.

மாம்பலம்_மோனோ:
ஒட்டிய பலகையைப் பெயர்த்து, பஞ்சை எடுத்து, மறுபடி அளங்கள் என்றுதான் முதலிலிருந்து சொல்கிறேன். பலகை வேண்டாம் என்றால் அதே குறுகலை ஹார்ன்ரெஸ்ப் என்ற ஸ்பீக்கர் கணக்கு மென்பொருளில் கொடுத்துப் பாருங்கள், இலவசம்தான், பத்து நிமிட வேலை. 43 வரும். பஞ்சு இல்லாமல்.

சீல்டு_சித்தப்பா:
ஹார்ன்ரெஸ்ப்ல காத்து வெப்பம் எவ்வளவு வச்சீங்க மோனோ?

பாஸ்_பாண்டி:
அதானே! 43ன்னு சொல்றாரு, எந்த டிகிரிலன்னு சொல்லல. பஞ்சு குறைக்கும், 30%, பெய்லி சொல்லியிருக்காரு.

மாம்பலம்_மோனோ:
15%.