பொது மருத்துவமனையின் வயது: 1821-ஆ, 1926-ஆ?

ஊட்ரம்வாசி:
போன வாரம் இங்கே ஒருவர், "சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை 1926-இல் பிறந்தது, அதற்கு முன்பு இருந்ததெல்லாம் வெறும் கொட்டகை" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. 1821 ஐயா, 1821! ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கரையிறங்கி இரண்டே ஆண்டில், பிராஸ் பாசா சாலை அருகே படை முகாமில் தொடங்கிய மருத்துவமனை அது. பிறகு பேர்ல்ஸ் ஹில் போனது, கண்டாங் கெர்பாவ் போனது, 1882-இல் எங்கள் ஊட்ரம் பக்கம் சிப்பாய் லைன்ஸில் நிலைத்தது. வீடு மாறினால் ஆள் மாறிவிடுவானா? 2021-இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினார்களே, அப்போது இவர் எங்கே இருந்தார்?

கல்வெட்டுக்காரன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். 1926 மார்ச் 29. போயர், ஸ்டான்லி, நோரிஸ் என்று மூன்று புளோக், 800 படுக்கைகள். மருத்துவமனை என்று சொல்லத் தகுந்தது அன்றுதான் திறந்தது. விழா யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விழா சான்றாகாது.

ஊட்ரம்வாசி:
800 படுக்கை இருந்தால்தான் மருத்துவமனையா? 80 இருந்தால் சத்திரமா? என் அப்பா நோரிஸ் புளோக்கில் அட்டெண்டன்டாக இருந்தவர். மதியச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு போய்ப் போயர் புளோக்கின் மணிக்கூண்டுக்குக் கீழே நிற்பேன். முள் பன்னிரண்டரையைத் தொட்டதும் அப்பா வருவார். சட்டையில் டெட்டால் வாசனை. கையை முழங்கைவரை கழுவிவிட்டுத்தான் மூடியைத் திறப்பார். அந்த இடத்தைப் பற்றி எனக்கா பாடம்? 1821.

தேக்கா1966:
இருவருக்கும் ஒரு கேள்வி. நான் 1966-இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் பிறந்தவள். அந்த ஒரே ஆண்டில் அங்கே 39,835 பிரசவங்கள். கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை. ஒரு நாளைக்கு நூறு பிள்ளைகளுக்கு மேல். 1997-இல் சாலையைத் தாண்டிப் புதிய இடத்துக்குப் போய்விட்டது. நான் பிறந்த கட்டடத்தில் இன்று நிலப் போக்குவரத்து ஆணையம் இருக்கிறது. கட்டடம்தான் மருத்துவமனை என்றால், நான் போக்குவரத்து அலுவலகத்தில் பிறந்தவளா, கல்வெட்டுத் தம்பி?

ஊட்ரம்வாசி:
அப்படிப் போடுங்கள் அக்கா! 1821 என்று நீங்களே நிறுவிவிட்டீர்கள்.

தேக்கா1966:
உங்கள் பக்கம் நான் வரவில்லை. 1821-இல் தொடங்கியது படைவீரர்களுக்கு. தெருவில் விழுந்து கிடந்த ஏழைக்கு என்ன இருந்தது? 1844-இல் வணிகர் டான் டோக் செங் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்து அடிக்கல் நாட்டச் செய்தாரே, அதுதான் மக்களுக்கான மருத்துவமனை. இன்னொன்று, உங்கள் பொது மருத்துவமனையே 1882-க்கு முன் கண்டாங் கெர்பாவில், அதாவது எங்கள் தேக்காப் பக்கத்தில்தான் ஒண்டிக்கொண்டிருந்தது. ஊட்ரம், ஊட்ரம் என்று நெஞ்சு நிமிர்த்த வேண்டாம்.

ஊட்ரம்வாசி:
ஒண்டிக்கொண்டா? போன வருடம் தேக்கா மார்க்கெட் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் பேசினீர்கள், நான் மறக்கவில்லை. டான் டோக் செங் மருத்துவமனையும் பேர்ல்ஸ் ஹில்லில் தொடங்கி, சிராங்கூன் சாலைப் பக்கம் போய், 1909-இல் மோல்மின் சாலைக்கு வந்ததுதான். அதற்கு 1844 என்று ஒப்புக்கொள்வீர்கள், இதற்கு 1821 என்றால் மட்டும் கசக்கிறதா? அந்த முகாமில் முதலில் படுத்த நோயாளிகள் யார்? சிப்பாய்கள். நம்மவர்கள். அதைத்தான் மறைக்கப் பார்க்கிறீர்கள்.

கல்வெட்டுக்காரன்:
நம்மவர்களா? ராஃபிள்ஸோடு வந்தது வங்காளக் காலாட்படை. மதராஸ் படை பின்னால்தான் வந்தது. வரலாறு தெரியாமல் பெருமை மட்டும் பேசக் கூடாது.

ஊட்ரம்வாசி:
பின்னால் வந்தாலும் வந்தார்கள் அல்லவா? சிப்பாய் லைன்ஸ் என்ற பெயர் யாரால் வந்தது? அந்தப் பெயரைச் சீனர்களும் மலாய்க்காரர்களும்கூட அவரவர் வாய்க்கு ஏற்ற மாதிரி சொன்னார்கள். வங்காளமோ மதராஸோ, காய்ச்சலில் கிடந்தவன் இந்தியச் சிப்பாய். கிடந்த ஆண்டு 1821.

பழையதாதி:
நான் அங்கே முப்பது வருடம் வேலை பார்த்தவள். எந்த ஆண்டு என்று அடித்துக்கொள்கிறீர்களே, அங்கே நடந்தது எதையாவது பேசினீர்களா? 1942 பிப்ரவரியில் குண்டு விழுந்து செத்தவர்களைப் புதைக்க நேரமில்லாமல், அவசரத் தண்ணீர்த் தொட்டிக்காக மருத்துவமனை வளாகத்தில் தோண்டிய குழியிலேயே நானூறு பேருக்கு மேல் புதைத்தார்கள். அவர்களுக்கான நினைவுச் சின்னம் கிராஞ்சிப் போர்க் கல்லறையில் இருக்கிறது. 1970-இல் இறந்தவரிடமிருந்து எடுத்த சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார்களே, இந்நாட்டில் முதல் முறையாக, அதுவும் ஊட்ரமில்தான். தீக்காயம் பட்டவர்களுக்கென்று தனிப் பிரிவு. காயத்துக்குக் கட்டு மாற்றும்போது நோயாளி கத்துவதைக் கேட்டிருக்கிறீர்களா? கட்டு மாற்றி முடித்துவிட்டு நாங்கள் கழிவறையில் போய் அழுதுவிட்டு வருவோம்.

கல்வெட்டுக்காரன்:
தாதியம்மா, போர்க்காலக் கதைக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு ஆண்டைப் பற்றியது.

பழையதாதி:
கதையா? நாக்கை அடக்கிப் பேசு தம்பி. நானூறு பேர் உனக்குக் கதையா? உன் பாட்டி வயது எனக்கு.

ஈசூன்ராஜா:
வயதும் வரலாறும் இருக்கட்டும். என் மாமியாரை ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன், பெயர் சொல்லப் போவதில்லை. அவசரப் பிரிவில் இரவு பத்து மணி முதல் விடியும்வரை சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார், படுக்கை காலியில்லை. முதலில் இதைப் பேசுங்கள்.

தேக்கா1966:
காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் பலதுறை மருந்தகத்துக்குப் போகாமல் நேரே அவசரப் பிரிவுக்கு ஓடினால் அப்படித்தான் ஆகும்.

ஈசூன்ராஜா:
அவருக்கு மூச்சுத்திணறல் அக்கா. தெரியாமல் பேசாதீர்கள்.

ஊட்ரம்வாசி:
இழையைத் திசைதிருப்ப வேண்டாம். தாதியம்மா சொன்ன அத்தனையும் எனக்குத்தான் துணை. போரும் சாவும் பார்த்த பிறகும் அதே மருத்துவமனை என்றால், ஒரே உயிர் தொடர்ந்து வந்திருக்கிறது என்றுதானே பொருள்? 1981-இல் பழைய புளோக்குகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். கல்வெட்டுக்காரர் கணக்கின்படி அன்று மறுபடி பிறந்ததா? அப்படியானால் 1926 என்றும் சொல்ல முடியாதே! பதில் சொல்லுங்கள்.

பழையதாதி:
உங்களுக்குத் துணையாக நான் எதையும் சொல்லவில்லை.

கல்வெட்டுக்காரன்:
போயர் புளோக்கின் மணிக்கூண்டு இன்றும் நிற்கிறது. 2009-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள். 1926 இன்னும் சாகவில்லை. உங்கள் 1821-இன் ஒரு பலகையைக் காட்டுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஊட்ரம்வாசி:
பலகை கேட்கிறார்! உங்கள் கொள்ளுத்தாத்தாவின் வீட்டுப் பலகையைக் காட்டுங்கள், அதன் பிறகு உங்கள் குலம் இருந்தது என்று நானும் நம்புகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மணிக்கூண்டுக்குக் கீழே நிற்பேன். மருத்துவமனையின் அருங்காட்சியகமும் அங்கேதான். நேரில் வாருங்கள்.

கல்வெட்டுக்காரன்:
வருகிறேன். நீங்கள் நிற்கப் போகும் கூண்டு 1926-இல் கட்டியது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊட்ரம்வாசி:
கூண்டு 1926. மருத்துவமனை 1821.