புதுப்பிப்பு: பிள்ளைகளைப் படமெடுக்கும் வேலை எப்படிப் போகிறது

பிள்ளைகளைப் படமெடுப்பதைத் தொழிலாகத் தொடங்க முதலில் ஸ்டூடியோ லைட் வாங்குவதா, லென்ஸ் வாங்குவதா என்று இங்கே கேட்டிருந்தேன். பலரும் சொன்னபடி குறைந்த வெளிச்சத்திலும் எடுக்கக்கூடிய 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ்தான் வாங்கினேன். லைட் இப்போதைக்கு வேண்டாம். திருகோணமலைக் கடற்கரை கிழக்கைப் பார்த்தது. காலை ஆறரைக்கு இங்கே உப்புவெளிக் கடற்கரையில் கிடைக்கிற வெளிச்சத்துக்கு வாடகை கிடையாது. வெயில் ஏறினால் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிவிடுவார்கள், அப்புறம் மர நிழல்தான்.

திருகோணமலையின் பிரட்ரிக் கோட்டைக்குள் மான்கள் திரிவதால், அங்கே கூட்டிப்போனால் பிள்ளைகள் கெமராவையே மறந்துவிடுகிறார்கள். ஓடுகிற பிள்ளைக்கு ஷட்டர் வேகத்தை 1/500 செக்கனுக்குக் கீழே இறக்குவதில்லை, இறக்கினால் படம் கலங்கிவிடும். முழங்காலில் நின்று அவர்களின் கண் மட்டத்தில்தான் எடுக்கிறேன். பெரிய தொல்லை அம்மாமார்தான்! "சிரி மகன், சிரி" என்று பின்னால் நின்று கத்தினால் பல்லுத்தான் தெரியும், சிரிப்பு வராது. இப்போது வெளிச்சத்தைத் திருப்ப வெள்ளை றெஜிபோம் (தெர்மாகோல்) அட்டையைப் பிடிக்கிற வேலையை அவர்களிடமே கொடுத்துவிடுகிறேன்.

முதலாம் பிறந்தநாள் ஓடர்கள் வரத் தொடங்கிவிட்டன. பெற்றோர் எழுதித் தராமல் எந்தப் படத்தையும் முகநூலில் போடுவதில்லை. விலைதான் இன்னும் பிடிபடவில்லை. நீங்கள் மணித்தியாலத்துக்கா, படத்துக்கா வாங்குகிறீர்கள்?