வீட்டுக்கு இடம் குறிப்பதில் தோட்ட மக்களுக்குப் பங்கு எங்கே?

மஸ்கெலியா ஆசிரியை:
வணக்கம். இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில், இரண்டு லயங்களுக்கு, அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, பதிலாகத் தனி வீடுகள் கட்டுவதற்கு ஒரு மலையை, அதாவது ஒரு தேயிலைச் சரிவை, குறித்திருக்கிறார்கள். கொழுந்து குறைந்து மானாப்புல் ஏறிப்போன மலை அது. வேறெதற்கும் உதவாது என்பதால்தான் எங்களுக்கு ஒதுக்கினார்களோ என்ற ஐயம் பலருக்கும் உண்டு. பிள்ளை மடுவமும் (குழந்தைப் பராமரிப்பு நிலையம்) பாடசாலையும் அங்கிருந்து எட்டத்தில் உள்ளன. நாங்கள் குடிக்கும் பீலித் தண்ணீரோ (ஊற்றிலிருந்து குழாய் வழியே விழும் நீர்) அந்த மலையின் அடியிலிருந்துதான் வருகிறது. இடம் தெரிவான கூட்டத்துக்கு, அங்கே குடியேறப் போகிறவர்களில் ஒருவரும் அழைக்கப்படவில்லை. கம்பனி, பிரதேச சபை, பிரதேச செயலகம் என்று வாசல்கள் பல இருக்க, எந்த வாசலில் எதைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது?

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்:
நிலம் அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் பொறுப்பில் இருக்கிறது. ஆகவே நிருவாகத்தின் சம்மதம் தேவை என்றாலும், முடிவு அதனுடையது மட்டும் அல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில், தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்த 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டது. வீதியையும் கானையும் (வடிகாலையும்) குறித்து உங்கள் உறுப்பினரிடம் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் முதலில் கேட்க வேண்டியது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கையை. அறிக்கை இருக்கிறது என்ற வாய்ச்சொல் போதாது. பிரதியை வாங்கி, அது எந்தத் துண்டு நிலத்துக்கு உரியது என்று பாருங்கள்.

பண்டாரவளைப் பெரியவர்:
மகள், காகிதத்துக்கு முன் மலையை நடந்து பாருங்கள். முப்பது வருடம் கான் வெட்டியவன் என்பதால் சொல்கிறேன். தேயிலை மலையில் கான்களைத் துப்புரவு செய்யாமல் விட்டால், ஓடிப்போக வேண்டிய மழைநீர் மண்ணுக்குள் இறங்கிவிடும். கைவிட்ட மலையில் கான் இருந்த இடமே தெரியாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கும் அல்லது வற்றிப்போகும் ஊற்று ஆகியவற்றை அங்கே கொழுந்தெடுத்த பெண்கள் மலையின் இலக்கத்தோடு சொல்வார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தைப் பக்கத்து மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடத்துக்கு முன்னரே எச்சரிக்கை இருந்தது. ஆபத்து என்று சொன்னவர்கள் உண்டு, போவதற்கு இடம்தான் இருக்கவில்லை. அதனால் இந்த இடம் வேண்டாம் என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த இடம் வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நகரத் திட்டமிடல் மாணவி:
ஐயா சொல்வது சரி; ஆயினும் பழைய நினைவை மட்டும் நம்பிவிடவும் முடியாது. நாற்பது வருடம் அசையாத சரிவு, வீதிக்காக அதன் அடியை வெட்டிய பிறகு அசையலாம். ஊராரின் வரைபடத்தையும் அறிக்கையின் வரைபடத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பதே பயன் தரும். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் உத்தியோகத்தரை அழைத்து நிறுத்த வேண்டும்.

அடுத்தது கணக்கு. வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் (160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர்) என்றால், நாற்பது வீட்டுக்கு 280 பேர்ச்சஸ், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர். வீதி, கான், பிள்ளை மடுவம், விளையாட்டிடம் எல்லாம் இதற்கு வெளியே தேவைப்படுபவை. அவற்றுக்கு நிலம் ஒதுக்காத திட்டத்தில் லயத்தின் நெருக்கம்தான் தனிக்கூரைகளோடு திரும்பி வரும். சரிவில் நாற்பது மலசலகூடக் குழிகள் என்பது இன்னொரு கவலை: அவ்வளவு நீரும் அதே மண்ணுக்குள்தான் இறங்கும், பீலியும் கீழேதான் இருக்கிறது. கூட்டத்தை, பறித்த கொழுந்தை நிறுத்து முடிந்த பிறகு வையுங்கள். காலையில் வைத்தால் தொழிற்சங்கத் தலைவர்மார் மட்டும்தான் வருவார்கள். இதை நான் கண்டிருக்கிறேன்.

மஸ்கெலியா ஆசிரியை:
மூவருக்கும் நன்றி. ஞாயிறன்று அந்த மலையில் வேலை செய்த நான்கு பெண்களோடு நடந்தோம். மூன்று ஊற்றுகளைக் குறித்தோம். அவற்றில் ஒன்று, வீதி போகும் என்று கயிறு கட்டியிருக்கும் இடத்திலேயே இருக்கிறது. பாடசாலைக்குப் பின்னாலுள்ள சரிவு குறைந்த மலையை மாற்றிடமாக எழுதியிருக்கிறோம். அங்கே இன்னும் நல்ல கொழுந்து வருவதால் நிருவாகம் எளிதில் விடாது. அறிக்கையின் பிரதிக்கான கடிதத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுத்து, திகதி முத்திரையோடு ஒரு பிரதியை வாங்கி வைத்திருக்கிறேன்.