கலந்த ஊசிமருந்தை ஐஸ்பெட்டியில் எங்கே வைக்கிறீர்கள்?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறோம். மகனுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி. தூளை, 0.9 விழுக்காடு பென்சைல் ஆல்கஹால் (கிருமி வளராமல் தடுப்பது) சேர்ந்த ஊசிநீரில் கலக்கிறோம். திறக்காத நீர் வெளியிலேயே இருக்கலாம். திறந்துவிட்டால் 28 நாளில் தூக்கிப்போட வேண்டும். அது சரி.

கலந்த மருந்துதான் கவலை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கணும், உறையவே கூடாது. உறைந்ததை உருக்கிப் போடவும் கூடாது. கதவுத் தட்டில் வைத்தால் திறக்கத் திறக்கச் சூடாகிறது. பின்சுவர் ஓரமோ தண்ணியே கட்டியாகிறது. இப்போது நடுத்தட்டில், மூடிய டப்பாவில். போதுமா?

தீபாவளிக்கு ஈப்போ போகணும், பாலத்திலேயே நெரிசல். ஐஸ் கட்டி குப்பியைத் தொடாமல் எப்படிக் கொண்டுபோகிறீர்கள்? உள்ளே வைக்க நல்ல தெர்மோமீட்டர் இங்கே எங்கே கிடைக்கும்? பார்மசிஸ்டிடமும் கேட்பேன்; வீட்டில் ஊசி போடும் பெற்றோர் அவசியம் சொல்லுங்கள்.