மரியோ கார்ட் டிஎஸ் ஃபைலுக்குள்ள கேம்லயே இல்லாத ட்ராக் பேரெல்லாம் கெடக்கு, இது என்ன?

ஹேர்பின்_வளைவு:
என்கிட்ட இருக்கற மரியோ கார்ட் டிஎஸ் (நின்டெண்டோவோட ரேஸ் கேம்) கார்ட்ரிட்ஜை டம்ப் பண்ணி, அதாவது உள்ள இருக்கற டேட்டாவ கம்ப்யூட்டருக்கு காப்பி எடுத்து, உள்ள என்னதான் இருக்குன்னு சும்மா ஒரு ஃபைல் வியூவர்ல தெறந்து பாத்தேன். கோர்ஸ் ஃபோல்டர்ல வரிசையா பேரு. கிராஸ் கோர்ஸ்னா ஃபிகர் எய்ட் சர்க்யூட், க்ளாக் கோர்ஸ்னா டிக் டாக் க்ளாக், அது வரைக்கும் புரிஞ்சிது. ஆனா நடு நடுவுல டாங்கி கோர்ஸ், லூயிஜி கோர்ஸ், வாரியோ கோர்ஸ், நோகோநோகோ கோர்ஸ், டோகான் கோர்ஸ், டெஸ்ட் சர்க்கிள்னு என்னென்னமோ வருது. இருக்கற 32 ட்ராக்கையும் கண்ண மூடிட்டு ஓட்டுவேன், இதுல ஒண்ணு கூட நான் பாத்ததில்ல. ஏதாவது கோட் போட்டா தொறக்குமா, இல்ல டெவலப்பர்ங்க மறந்து போய் விட்டுட்டாங்களா?

கேசிஎல்_கிறுக்கன்:
தொறக்காது ப்ரோ. மெனுல எந்த பட்டனும் அந்த ஃபைல கூப்பிடறதே இல்ல, அதனால நீ எத்தன கப் ஜெயிச்சாலும் வராது. நோகோநோகோங்கறது கூப்பா ட்ரூப்பாவோட ஜப்பான் பேரு, டோகான்னா அந்த பச்ச பைப்பு. கேம் செய்யறப்போ போட்டுப் பாத்த ட்ராக்குங்க இதெல்லாம்.

பாக்கணும்னா ஒரே வழி, டம்ப்போட காப்பி ஒண்ண எடுத்து, அதுல இருக்கற ஒரு ட்ராக் ஃபைலுக்கு பதிலா இத வெச்சு எமுலேட்டர்ல (டிஎஸ் மாதிரியே நடிச்சு கேம ஓட்டற சாஃப்ட்வேர்) ஓட்டறதுதான். ஆனா ரொம்ப ஆசையா போகாத. ட்ராக்குன்னா வெறும் மாடல் மட்டும் இல்ல, எங்க இடிக்கும் எங்க வழுக்கும்னு சொல்ற கேசிஎல் ஃபைல் தனி, ஸ்டார்ட் எங்க, செக்பாயின்ட் எங்க, ஐட்டம் பாக்ஸ் எங்க, சிபியு வண்டி (கம்ப்யூட்டரே ஓட்டற வண்டி) எந்த வழியா போகணும்னு சொல்ற என்கேஎம் ஃபைல் தனி. கடைசி ஃபைல்ல ஒரு கொற இருந்தா சிபியு வண்டிங்க செவுத்துல முட்டிக்கிட்டே நிக்கும், இல்ல லேப்பே எண்ணாது, இல்ல கேமே படுத்துடும்.

ஏன் அழிக்கலன்னா, ரிலீஸுக்கு முன்னாடி எல்லாம் டெஸ்ட் ஆகி ஓடிட்டு இருக்கும். அப்போ போயி ஒரு ஃபைல தூக்கினா, எங்கயோ ஒரு டேபிள்ல அதோட பேரு இருந்து வேற எதாவது ஒடஞ்சா யாரு பதில் சொல்றது? சும்மா இருக்கற சங்க ஏன் ஊதிக் கெடுக்கணும்னு விட்டுருப்பாங்க. கார்ட்ரிட்ஜ்ல எடம் பத்தலன்னாதான் தொடப்பத்த எடுப்பாங்க.

ப்ளூஷெல்_பயம்:
டிஎஸ்ச விடு, மரியோ கார்ட் 64ல ஒரு முழு டீபக் மெனுவே (டெவலப்பர்ங்க டெஸ்ட் பண்றதுக்கு வெச்ச மெனு) உள்ள உக்காந்துருக்கு. 1996ல வந்த கேம். கேம்ஷார்க் மாதிரி ஒரு சீட் கருவி வெச்சு மெமரில ஒரு நம்பர மாத்துனா, ட்ராக், கேரக்டர், சவுண்ட் மோட் எல்லாத்தையும் ஒரே ஸ்க்ரீன்ல தேர்ந்தெடுத்து நேரா ரேஸ்குள்ள குதிக்கலாம். அதுல ஸ்க்ரீன் மோட்னு ஒரு வரி: 1பி, 2பி யூடி, 2பி எல்ஆர், 3பி, 4பி. யூடின்னா ஸ்க்ரீன் மேல கீழ பிரியறது, நாம ஆடினது அதுதான். எல்ஆர்னா இடது வலதா பிரியறது, அது கடைக்கு வந்த கேம்ல எங்கயுமே கெடையாது! ரெண்டையும் போட்டு பாத்து, ரோடு ஒல்லியா தெரியுதுன்னு ஒண்ண கைவிட்டுருப்பாங்கன்னு என்னோட யூகம்.

இன்னொண்ணு, 1995ல அத சூப்பர் மரியோ கார்ட் ஆர்ங்கற பேர்ல காட்டுனப்போ டாங்கி காங் எடத்துல கமெக் இருந்தான். மந்திரவாதிய தூக்கிட்டு கொரங்க போட்டாங்க, எனக்கு இன்னும் ஆறல.

பெங்குவின்_யே:
என் பேர பாத்தாலே புரிஞ்சிருக்கும் 😄 1999ல ப்ளேஸ்டேஷன்ல வந்த க்ராஷ் டீம் ரேசிங்ல, எல்-1 ஆர்-1 அமுக்கிக்கிட்டு கோட் போட்டா பென்டா பெங்குவின் வருவான். அமெரிக்க வெர்ஷன்ல அவனுக்கு குரல் ரெக்கார்டிங்கே முடிக்கல. எவனையாவது அடிச்சா ஒருத்தர் சலிப்பா "பெங்குவின் யே ஒன்", "பெங்குவின் யே டூ"ன்னு ஃபைல் பேர படிக்கற மாதிரி சொல்லுவாரு. டெம்பரரியா போட்ட வாய்ஸ் அப்படியே டிஸ்க்ல ஏறி கடைக்கு வந்துடுச்சு. முதல் தடவ கேட்டப்போ என் டிவிதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்.

டிடி காங் ரேசிங்லயும் (1997) ஒண்ணு உண்டு, கோட் போடற எடத்துல டாட்ஜிராமர்னு அடிச்சா கேம் ரோமோட (ROM, கார்ட்ரிட்ஜ்ல இருக்கற கேம் டேட்டா) செக்சம் நம்பர, அதாவது டேட்டா மாறலன்னு சரிபாக்கற நம்பர காட்டும். நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, காப்பி சரியா இருக்கான்னு செக் பண்றதுக்கு வெச்ச மாதிரிதான் இருக்கு.

கேசிஎல்_கிறுக்கன்:
@பெங்குவின்_யே அது அன்யூஸ்டு (யூஸ் ஆகாம உள்ள கெடக்கறது) இல்லயே, யூஸ் பண்ணி மாட்டிக்கிட்டது 😂 ஆனா சீரியஸா, பேர பாத்து அன்யூஸ்டுன்னு முடிவு கட்டக் கூடாது. மரியோ கார்ட் வீல (2008) ரிங் மிஷன்னு ஒரு ஃபைல். கேம்ல மிஷன் மோடே கெடையாது, அதுக்கு எழுதுன டெக்ஸ்ட் மட்டும் உள்ள மிச்சமா கெடக்கு. ஆனா அந்த ட்ராக் கேலக்ஸி கலோசியம், ஆன்லைன் டோர்னமென்ட்ல ஆடவே வெச்சாங்க. 2014 மே மாசம் சர்வர் மூடுனதுக்கு அப்புறம் அது நெஜமாவே அன்யூஸ்டு ஆயிடுச்சு.

@ஹேர்பின்_வளைவு சும்மா டீபக் மெனு எப்படி இருக்கும்னு பாக்க ஆசன்னா சூப்பர்டக்ஸ்கார்ட்னு ஒரு ரேஸ் கேம் போடு, ஓப்பன் சோர்ஸ், கான்ஃபிக் ஃபைல்ல ஆர்ட்டிஸ்ட் டீபக் மோட ஆன் பண்ணிட்டு ரேஸ் நடுவுல ரைட் க்ளிக் அடி. வேணுங்கற ஐட்டத்த நீயே எடுத்துக்கலாம், வெக்கமே இல்லாம.

ஹேர்பின்_வளைவு:
நன்றி பாஸ். தெரியாத ட்ராக்க தொடறதுக்கு முன்னாடி ப்ராக்டீஸுக்கு கிராஸ் எடத்துல க்ளாக்க வெச்சு பாத்தேன். பெண்டுலம் முள்ளு எல்லாம் இருக்கு, ஆனா ரோடு மொத்தமும் வெள்ள வெளேர்னு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரியுது, என்ன தப்பு பண்ணேன்?

கேசிஎல்_கிறுக்கன்:
ஒரு ட்ராக்குக்கு ரெண்டு ஃபைல் ப்ரோ. அதே பேரு, கடைசில டெக்ஸ்னு முடியும் பாரு, கலர் எல்லாம் அதுக்குள்ளதான். அத மாத்தாம விட்டுட்ட.

ஹேர்பின்_வளைவு:
அட ஆமா 🤦 கலர் வந்துடுச்சு. இப்போ டெஸ்ட் சர்க்கிள வெக்கப் போறேன், எமுலேட்டர் படுத்துச்சுன்னா இங்கதான் வந்து அழுவேன்.