சிமுலேஷன் லீக்கில் ஒரே ஸ்ட்ரைக்கர் 38 ஆட்டத்தில் 48 கோல்: உண்மையான சாதனையா, ஸ்கிரிப்டில் கோளாறா? உதவி தேவை

லீக்_பொறுப்பு:
வணக்கம். சில நண்பர்கள் சேர்ந்து ஒரு கால்பந்து சிமுலேஷன் லீக் நடத்துகிறோம். மொத்தம் 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற அணிகளோடு இரண்டு முறை மோதும், அதனால் அணிக்கு 38 ஆட்டம். மேனேஜர்கள் பதினொருவரைத் தேர்ந்து அனுப்புவார்கள், ஆட்டத்தை ஸ்கிரிப்ட் ஓட்டி முடித்துவிடும். அந்த ஸ்கிரிப்ட் எனக்கு முன்பு லீக்கை நடத்தியவர் எழுதியது.

இந்த சீசனில் ஒரு ஸ்ட்ரைக்கர் 48 கோல் அடித்திருக்கிறார். பட்டியலில் அடுத்து இருப்பவர் 23. "ஸ்கிரிப்டில் ஏதோ கோளாறு, சாதனையை ரத்து செய்யுங்கள்" என்று ஒரு தரப்பு. "மெஸ்ஸி ஒரே லா லிகா சீசனில் 50 அடிக்கவில்லையா, இவர் 48 அடித்தால் என்ன?" என்று இன்னொரு தரப்பு. அவருடைய மேனேஜர் பயிற்சிப் புள்ளிகளை எல்லாம் ஃபினிஷிங்கில் போட்டு, சீசன் சீசனாகக் காத்திருந்து அவரை வளர்த்தவர். அந்த உழைப்பை ஒரு சந்தேகத்தை வைத்து மட்டும் அழிக்க எனக்கு மனசு வரவில்லை.

பார்த்தவரை: பெனால்டி கோல் 6 மட்டுமே. லீக் முழுவதும் ஆட்டத்துக்குச் சராசரி 2.7 கோல், அதில் வித்தியாசமாக எதுவும் இல்லை. அடித்த கோல்களின் கூட்டலும் வாங்கிய கோல்களின் கூட்டலும் ஒத்துப்போகின்றன. இதற்கு மேல் எங்கே தேடுவது?

நடுக்கள_வீரன்:
அணியின் மொத்த கோல் எத்தனை என்று சொல்லுங்கள். 48 என்ற எண் தனியாக எதையும் சொல்லாது.

மெஸ்ஸி 2011-12-இல் 37 ஆட்டங்களில் 50 அடித்தபோது பார்சிலோனா அந்த லீக்கில் 114 கோல் போட்டது. அவர் பங்கு சுமார் 44%. லெவண்டோவ்ஸ்கி 2020-21-இல் 29 ஆட்டங்களில் 41, பயர்ன் 99, பங்கு 41%. ஹாலண்ட் 2022-23-இல் 35 ஆட்டங்களில் 36, மான்செஸ்டர் சிட்டி 94, பங்கு 38%. எல்லாமே சாதனை சீசன்கள், ஆனால் ஒன்றுகூட பாதியைத் தொடவில்லை. மற்றவர்களும் கோல் அடிக்கும் அணியில்தான் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு இவ்வளவு வாய்ப்பு வரும்.

லீக்_பொறுப்பு:
அணியின் மொத்த கோல் 81. கணக்குப் போட்டால் 59% வருகிறது.

நடுக்கள_வீரன்:
அப்படியானால் டிக்ஸி டீனைத்தான் எடுக்க வேண்டும். 1927-28-இல் எவர்ட்டனுக்கு லீக்கில் 39 ஆட்டங்களில் 60 கோல் அடித்தார். அணி மொத்தம் 102, அவர் பங்கும் 59%-தான். ஆனால் அது ஆஃப்சைடு விதி 1925-இல் தளர்ந்து, இங்கிலாந்து முழுவதும் கோல் மழை பொழிந்த காலம். உங்கள் லீக்கில் சராசரி 2.7 என்கிறீர்கள். அந்தச் சூழலில் 59% என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

மூலைக்கொடி:
ரேண்டம் சீட், அதாவது ரேண்டம் எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண், எல்லா ஆட்டத்துக்கும் ஒன்றாகவே இருக்கிறதா? அப்படி இருந்தாலும் ஒரே ஆளுக்குக் கோல் குவியும்.

லீக்_பொறுப்பு:
இல்லை, ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. அதை முதலிலேயே பார்த்துவிட்டேன்.

எண்கணக்கு:
நண்பரே, இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, அவர் எடுத்த ஷாட் எத்தனை என்பதை முதல் 19 ஆட்டம், அடுத்த 19 ஆட்டம் என்று பிரித்துச் சொல்லுங்கள். இரண்டு, ஸ்கிரிப்ட் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ரேண்டம் எண் எடுப்பதற்கு முன்பு ஒரு வாய்ப்பு மதிப்பு போடுமே, 0.08, 0.31 என்று, அவருடைய ஷாட்களுக்கான மதிப்புகளை எல்லாம் கூட்டிச் சொல்லுங்கள். நிஜ ஆட்டத்தில் எக்ஸ்ஜி என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான் இது. சிமுலேஷனில் இன்னும் வசதி: வாய்ப்பை யாரும் ஊகிக்க வேண்டாம், ஸ்கிரிப்டே எழுதி வைத்திருக்கும்.

லீக்_பொறுப்பு:
லாக் ஃபைலில் இருந்து எடுத்தேன். முதல் பாதியில் 62 ஷாட், 14 கோல். இரண்டாம் பாதியில் 153 ஷாட், 34 கோல். வாய்ப்பு மதிப்புகளின் கூட்டல் 46.8.

எண்கணக்கு:
நன்றி. இதிலேயே பாதிக்கு மேல் தெரிந்துவிட்டது.

கூட்டல் 46.8, அடித்தது 48. ஆக, அதிர்ஷ்டம் இல்லை. ஸ்கிரிப்ட் அவருக்கு எவ்வளவு வாய்ப்புக் கொடுத்ததோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் அடித்திருக்கிறார். கூட்டல் 30 என்று வந்து அவர் 48 அடித்திருந்தால், "நம்ப முடியாத சீசன், ஆனால் நேர்மையான சீசன்" என்று விட்டுவிடலாம்.

அடுத்து, முதல் பாதியில் 62-க்கு 14, அதாவது 23%. இரண்டாம் பாதியில் 153-க்கு 34, 22%. ஷாட்டை கோலாக்கும் திறன் துளிகூட மாறவில்லை. சாதாரணமாகப் பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் விழும் விளையாட்டில் 22% என்பது அபாரம். ஆனால் அது அந்த மேனேஜர் ஃபினிஷிங்கில் போட்ட புள்ளிகளுக்குக் கிடைத்த பலன், அதில் பொய் இல்லை.

மாறியது ஷாட் எண்ணிக்கை. ஆட்டத்துக்கு 3.3 ஷாட் எடுத்தவர், இரண்டாம் பாதியில் 8 எடுக்கிறார். அதே அணி, அதே ஆள். அந்த அணியில் மற்றவர்கள் அடித்த கோல் இரண்டு பாதியிலும் எத்தனை?

லீக்_பொறுப்பு:
முதல் பாதியில் அணி 37, மற்றவர்கள் 23. இரண்டாம் பாதியில் அணி 44, மற்றவர்கள் வெறும் 10! அணியின் மொத்த ஷாட் மட்டும் ஆட்டத்துக்குச் சுமார் 13 என்று மாறாமல் இருக்கிறது.

எண்கணக்கு:
அதேதான். அணிக்கு 13 ஷாட் வருகிறது, அது யார் காலுக்குப் போகிறது என்பதை முடிவு செய்யும் இடத்தில் கோளாறு. முதல் பாதியில் அவர் பங்கு 38%, ஹாலண்ட் சீசன் மாதிரி. இரண்டாம் பாதியில் 77%. ஸ்கிரிப்டில் 'ஃபார்ம்' என்று ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அந்தப் பகுதியை இங்கே போடுங்கள்.

லீக்_பொறுப்பு:
இருக்கிறது. எல்லோருக்கும் 1-இல் தொடங்குகிறது. ஒவ்வொரு கோலுக்கும் 1.08-ஆல் பெருக்குகிறது. கோல் இல்லாத ஆட்டத்துக்கு 0.98-ஆல் பெருக்குகிறது. ஷாட் யாருக்கு என்று தேர்ந்தெடுக்கும்போது ஆட்டக்காரரின் எடையோடு (அவருக்கு ஷாட் வரும் வாய்ப்பைச் சொல்லும் எண்) இந்த ஃபார்ம் எண்ணைப் பெருக்குகிறது. வேறு எங்கும் பயன்படுத்தவில்லை.

எண்கணக்கு:
உச்சவரம்பு இருக்கிறதா?

லீக்_பொறுப்பு:
இல்லை.

எண்கணக்கு:
கோளாறு அதுதான். கூட்டுவட்டி மாதிரி ஏறிக்கொண்டே போயிருக்கிறது. 14 கோலுக்கு 1.08-ஐப் பெருக்கினால் 2.9. 48 கோலுக்கு 40! இடையில் கோல் இல்லாத ஆட்டங்களுக்காக 2% குறைவது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கோல் அடித்தால் ஷாட் கூடும், ஷாட் கூடினால் கோல் கூடும். கூட ஆடுகிறவர்களுக்கு நேர் எதிர்: ஷாட் கிடைக்காமல் கோல் இல்லை, கோல் இல்லாததால் ஃபார்ம் இன்னும் இறங்கும்.

மூலைக்கொடி:
ஒரு சந்தேகம். இதே ஸ்கிரிப்ட்தானே மற்ற 19 அணிகளுக்கும் ஓடியது? அங்கே ஏன் யாரும் இப்படிப் பறக்கவில்லை? இரண்டாம் இடம் 23-தானே?

எண்கணக்கு:
நல்ல கேள்வி. மற்றவர்களுக்கும் ஏறியிருக்கும், ஆனால் மெதுவாக. பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் அடிக்கிற ஸ்ட்ரைக்கர் மூன்று ஆட்டத்தில் ஒன்றில்தான் கோல் போடுவார். ஒரு கோலில் ஏறிய 8%-இல் பாதியை அடுத்த இரண்டு வறண்ட ஆட்டங்கள் தின்றுவிடும். நம்ம ஆள் 22%. அவருக்கு வறண்ட ஆட்டமே குறைவு, சில நாள் இரண்டு மூன்று கோலும் விழும். அதனால் சீசன் முடிவதற்குள் அவர் மட்டும் எல்லையைத் தாண்டிவிட்டார். ஸ்கிரிப்டில் இருந்த ஓட்டையை வெளியே காட்டிய அளவுக்கு அவர் நல்ல ஆட்டக்காரர், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

திருத்தம் எளிது. ஃபார்மைக் கடைசி 5 ஆட்டங்களை மட்டும் வைத்துக் கணக்கிடுங்கள், 0.9-க்குக் கீழும் 1.1-க்கு மேலும் போக விடாதீர்கள். அப்புறம் அதே அணிகளை வைத்து, சீட்டை மட்டும் மாற்றி மாற்றி முழு சீசனை ஆயிரம் தடவை ஓட்டுங்கள். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு "சரியாகிவிட்டது" என்று சொல்லக் கூடாது. ஒரு ஸ்ட்ரைக்கரின் கோல் எண்ணிக்கை எந்த மாற்றமும் இல்லாமலேயே நாலைந்து கோல் மேலே கீழே ஆடும்.

லீக்_பொறுப்பு:
ராத்திரி ஓட விட்டு, இப்போதுதான் பார்த்தேன். திருத்திய ஸ்கிரிப்டில் அவருக்குச் சராசரி 22 கோல், அதிகபட்சம் 37. பாதிக்குச் சற்றுக் குறைவான தடவைகளில் லீக்கிலேயே அதிக கோல் அடித்தவரும் அவர்தான். 48 ஒரு தடவைகூட வரவில்லை. அணி மொத்த கோலில் அவர் பங்கு பெரும்பாலும் 30%-ஐ ஒட்டியே நிற்கிறது.

இப்போது விருது விஷயம். என்ன செய்யலாம்?

கோல்போஸ்ட்:
ரத்து செய்யுங்கள். திருத்திய ஸ்கிரிப்டில் ஆயிரம் தடவையில் ஒரு தடவைகூட வராத எண்ணைச் சாதனைப் பட்டியலில் வைத்தால், அடுத்து வருகிற எந்த ஸ்ட்ரைக்கரும் அதைத் தொட முடியாது. பட்டியல் செத்துவிடும்.

நடுக்கள_வீரன்:
நான் உடன்படவில்லை. சீசன் தொடங்கும்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட ஸ்கிரிப்ட் இது. அந்த மேனேஜர் எதையும் மறைக்கவில்லை, எதையும் மாற்றவில்லை. முடிந்த ஆட்டங்களின் முடிவை ஏற்றுக்கொண்டு, கோல் அடித்தவரை மட்டும் எப்படி மறுப்பது? கோல்களை எடுத்தால் புள்ளிப் பட்டியலையும் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடிப்பவருக்குக் கொடுக்கும் கோல்டன் பூட் விருதில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 1986-87-இல் ருமேனியாவின் கமடாரு 44 கோலோடு அதை வென்றார். அதில் நிறைய கோல்கள் சீசனின் கடைசிக் கட்டத்தில் குவிந்ததால் பெரிய சந்தேகம் எழுந்தது. பிறகு 39 கோல் அடித்திருந்த ஆஸ்திரியாவின் போல்ஸ்டருக்கும் ஒரு விருது கொடுத்தார்கள், கமடாருவிடம் இருந்ததைப் பிடுங்கவில்லை. பின்னால் 1996-97 முதல் லீக்கின் தரத்துக்கு ஏற்ப கோலுக்கு மதிப்பு போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். விதியை மாற்றியது அடுத்து வருகிறவர்களுக்காக. உங்கள் ஆள்மீது அந்தச் சந்தேகம்கூட இல்லை, லாக் ஃபைல் முழுசாகக் கையில் இருக்கிறது.

லீக்_பொறுப்பு:
எனக்கும் இதுதான் நியாயமாகப் படுகிறது. விருது அவருக்கே. பட்டியலில் 48 இருக்கும், பக்கத்தில் "ஃபார்முக்கு வரம்பு இல்லாத பழைய ஸ்கிரிப்ட்" என்று குறிப்பு இருக்கும். புதிய ஸ்கிரிப்டுக்குச் சாதனைப் பட்டியல் தனியாகத் தொடங்கும். இரண்டு பாதி ஷாட் கணக்கையும் எல்லா மேனேஜர்களுக்கும் அனுப்புகிறேன், அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

கோல்போஸ்ட்:
பட்டியலைப் பிரித்தால் எனக்கும் சம்மதம்.

மூலைக்கொடி:
அடுத்த சீசனைத் தொடங்கும் முன் ஒன்று பார்த்துவிடுங்கள். சீசன் முடிந்ததும் ஃபார்ம் எண் 1-க்குத் திரும்புகிறதா, இல்லை சேமித்த ஃபைலில் அப்படியே இருக்கிறதா?

லீக்_பொறுப்பு:
திறந்து பார்த்தேன், அப்படியே இருக்கிறது. அவருக்கு 30-க்கும் மேல். எல்லோருக்கும் 1 என்று மாற்றிவிட்டு, சீசன் தொடக்கத்திலேயே அதைச் செய்யும்படி ஒரு வரியும் சேர்த்துவிட்டேன். அனைவருக்கும் நன்றி, இழையை 'தீர்ந்தது' என்று குறித்துவிடுகிறேன்.