மறு: கொலாப்ஸ் = மயக்கம்? வேண்டாமே

அன்பின் எல்லாருக்கும்,

ஆங்கில மிருக வைத்தியச் சொற்களுக்குத் தமிழ் தேடி அண்ணன் நேற்று அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். மற்றதெல்லாம் சரி. 'கொலாப்ஸ் (collapse, திடீரென விழுவது) – மயக்கம்' என்பதற்கு மட்டும் என்னால் கை தூக்க முடியாது அண்ணே. காரணம் எங்கள் வீட்டு நாய் டைகர்.

நாங்கள் இருப்பது இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம். ரோட்டிலிருந்து லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) அறுபது எழுபது படி ஏற வேண்டும். மாசி மாதத்தில் ஒரு நாள் தங்கச்சி மகனைக் கண்ட சந்தோஷத்தில் டைகர் அந்தப் படிகளில் பாய்ந்து ஏறியது. பாதி வழியில் பின்னங்கால் மடங்கி, நனைந்த சாக்கு மாதிரிப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. கொஞ்சம் மூத்திரமும் போனது. பத்து எண்ணுவதற்குள் எழும்பி, உடம்பை உதறிவிட்டு, பையன் கையிலிருந்த ரொட்டியைப் பார்த்து வாலாட்டியது.

அப்பாயி 'காக்கா வலிப்பு, கையில சாவியக் குடு' என்றார். நாய்க்கு ஏது கை! ஆனால் நானும் அதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டேன். மருந்து வாங்கப் போன இடத்தில் 'நாய்க்கு வலிப்பு' என்றேன். வலிப்புக் குளிசை கொடுத்தார்கள். இரண்டு மாதம் அது தூங்கித் தூங்கி வழிந்தது, விழுவது மட்டும் நிற்கவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய? என் வாயிலிருந்து வந்த சொல்லுக்குத்தான் மருந்து கிடைத்தது. சரி, 'மயக்கம்' என்று சொல்லியிருந்தால்? அக்கம்பக்கத்தில் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். 'காலையில சாப்பிட்டுச்சா? சீனித் தண்ணி குடுங்க' என்றார்கள்.

கடைசியில் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். தங்கச்சி மகன் போனில் எடுத்த 12 செக்கன் வீடியோவை டொக்டர் மூன்று தரம் போட்டுப் பார்த்தார். நோயின் பெயரை என்னிடம் கேட்கவே இல்லை. விழுமுன் என்ன செய்துகொண்டிருந்தது, கால்கள் விறைத்தனவா துவண்டனவா, முரசு (பல் ஈறு) வெளிறியதா, எழும்பியதும் ஆளை அடையாளம் தெரிந்ததா, இவ்வளவுதான் கேட்டார்.

வலிப்பு என்றால் பெரும்பாலும் சும்மா படுத்திருக்கும்போதோ தூக்கத்திலோ வரும். தாடை இறுகும், வாயில் நுரை தள்ளும், நீந்துவது போலக் கால்களை அடிக்கும். ஒன்றிரண்டு நிமிடத்தில் நின்றாலும், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு வீட்டு ஆளையே தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு திரியும். மூளைக்குக் குருதி போதாமல் வரும் மூர்ச்சை அப்படியில்லை. ஓடும்போது, குதிக்கும்போது, சில நாய்களுக்கு இருமும்போது வரும். செக்கன் கணக்கில் முடிந்து பழையபடி ஆகிவிடும். மூத்திரம் போவது இரண்டிலும் உண்டு, மூர்ச்சையிலும் சில நேரம் உடம்பு விறைக்கும், அதனால் அந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. நான் ஏமாந்தது அங்கேதான்.

பிறகு டொக்டர் என் விரலைப் பிடித்து டைகரின் பின்தொடை உட்பக்கம் வைத்தார். 15 செக்கனில் பத்துத் துடிப்பு. அப்படியென்றால் நிமிடத்துக்கு 40. அந்த அளவு நாய்க்கு, அதுவும் பயந்துபோய் மேசைமேல் நிற்கும்போது, 100க்கு மேல் இருக்க வேண்டும். ஈ.சி.ஜி. எடுத்ததில் இதயத்தின் மேலறைச் சமிக்ஞை கீழறைக்கு இறங்கவே இல்லை என்று தெரிந்தது. வலிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இனி சொல்லுக்கு வருவோம். கொலாப்ஸ் என்பது கண்ணால் கண்டது மட்டும்: நின்ற நாய் விழுந்தது. நினைவு போனதா இல்லையா என்பது அதில் கிடையாது. லப்ரடோர் இனத்தில் ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு, அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008இல் கண்டுபிடித்தார்கள். பத்து நிமிடம் பந்து துரத்தினால் பின்னங்கால் தள்ளாடி விழும், பெரும்பாலும் முழு நினைவோடு. அதைப் போய் மயக்கம் என்று எழுதலாமா? உண்ணிக் காய்ச்சலில் குருதி குறைந்து விழும் நாயும் உண்டு, மண்ணீரல் கட்டி உடைந்து உள்ளே குருதி கசிந்து விழுவதும் உண்டு. எல்லாவற்றையும் மயக்கத்தில் அடைத்தால் தேடுவதற்கு முன்பே பாதிக் கதவைச் சாத்திவிடுகிறோம்.

'சரிவு' என்று ஓர் அக்கா சொல்லியிருந்தார். அக்கா, மழை நாளில் எங்கள் பக்கம் வந்து 'சரிவு' என்று சொல்லிப் பாருங்கள், சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். மண்சரிவுக்கு அப்புறம் அந்தச் சொல் எங்களுக்கு வேறு எதற்கும் உதவாது. 'வீழ்வு' எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் வீழ்ந்தது என்றால் இனி எழாது என்று காதில் விழுகிறது. டைகரோ எழும்பி ரொட்டி கேட்கிறது.

அதனால் 'விழுகை'. தொழு தொழுகை ஆனது போல, விழு விழுகை. 'இந்த மாதம் மூன்று விழுகை' என்று எண்ணலாம். காரணம் தெரிந்த பிறகு வலிப்பு விழுகை, மூர்ச்சை விழுகை, தளர்வு விழுகை என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். தெரியும் வரை வெறும் விழுகை.

மயக்கம் என்ற சொல்லை மயக்க மருந்துக்கே விட்டுவிடுவோம்.

—

> தம்பி, விழுகை என்றால் அழுகை மாதிரிக் கேட்கிறதே? லயத்தில் யார் இப்படிப் பேசுவார்கள்?

அக்கா, யாரும் பேசமாட்டார்கள், 'சுருண்டு விழுந்திருச்சி' என்பார்கள். அதுவே போதும். விழுகை கிளினிக் அட்டையில் எழுதுவதற்கு. எங்கள் அட்டையில் இப்போதும் 'வலிப்பு' என்றே இருக்கிறது, அடித்துத் திருத்த வேண்டும். டைகரைப் படியில் தூக்கிக்கொண்டுதான் போகிறோம், 18 கிலோ.